முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

படக்காரனுக்குத் தன் கடை நாற்காலி இருக்கும்வரை தைரியம் இருக்கும். வெளியே காலெடுத்து வைத்தால்தான் பயம். இதே படத்தொழிலில் அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கேட்டு வந்தவள்

மலாக்கா டவுனில் என் ஸ்டூடியோ. தாடையை நிமிர்த்தி, மூச்சை அடக்கச் சொல்லிக் கல்யாணப் படம் எடுப்பேன். அம்மைத் தழும்பு இருந்தால் கண்ணாடி நெகட்டிவ் தகட்டில் பென்சில் தீட்டி மறைத்துவிடுவேன். எனக்கு நல்ல பெயர் வந்ததே அதனால்தான்.

ஒரு காலை ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து செல்லம்மா வந்தாள். பால்மரம் சீவுகிறவள். அவள் புருஷன் மாடசாமியை, ஆட்களை மேய்க்கிற கங்காணி பிரம்பால் விளாசியிருந்தான். விசாரிக்கும் அரசாங்க அதிகாரி வர நாளாகும். அதற்குள் காயம் ஆறிவிடும். போன தடவை கொழுந்தனுக்கு அப்படித்தான் ஆகி, வழக்கே நிற்கவில்லையாம். மாடசாமியைத் தோட்டத்தை விட்டு வெளியே விடவும் மாட்டார்கள். அதனால் நான் அங்கே வந்து காயத்தைப் படம் எடுக்கணும் என்றாள். எனக்குப் பயம். கல்யாணப் படம்தான் வரும் என்று நழுவப் பார்த்தேன். செல்லம்மா விடவில்லை.

"அங்க முகத்த எடுக்குறீங்க, இது முதுகு. அவ்வளவுதானே ஐயா?"

லயத்துக்குள்ளே

செல்லம்மா குழந்தைக்குக் காதுகுத்து, படம் எடுக்கணும் என்று தோட்டத்துக் காவல்காரனிடம் சொல்லி உள்ளே போனேன். கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருட்டு. பின்வாசல் பக்கம் மாடசாமியை உட்காரவைத்தேன். நேர் வெளிச்சத்தில் காயம் தட்டையாகத் தெரிந்தது. வழக்கமாக எனக்கு வேண்டியது அதுதான். இப்போது ஆளைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒவ்வொரு தடிப்பும் நிழல் விழுந்து எழுந்து நின்றது.

லென்ஸ் மூடியைக் கழற்றியதும் முன்பக்கம் செருப்புச் சத்தம். அசைந்தால் படம் போச்சு. மாடசாமி அசையவில்லை. நான் மூடியைப் போட்டதும் எழுந்து, அந்தப் புண்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. கங்காணி உள்ளே வந்து கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். செல்லம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காதுகுத்துப் படம் என்றாள். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப என்னையும் ஒண்ணு எடுலா, ஊருக்கு அனுப்பணும்."

ஆபீசில்

படம் அதிகாரி கைக்குப் போய் விசாரணை தொடங்கியது. மாடசாமி வழுக்கி விழுந்தான் என்று கங்காணி சாதித்தான். படத்தில் தெரிவது காயமில்லை, பென்சில் வேலை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. அதிகாரி என்னைத் தோட்டத்து ஆபீசுக்கே வரவழைத்தார். அத்தனை பேர் எதிரில் "நான்தான் எடுத்தேன். பென்சில் வைக்கவில்லை" என்று தகட்டை நீட்டினேன். அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; ஒரு பென்சில் கோடுகூட இல்லை. அந்த மாதமே கங்காணிக்கு வேலை போயிற்று. செல்லம்மா குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போயிற்று.

விசாரணை அன்று ஆபீஸ் வாசலில் மாடசாமி படத்தை வாங்கிப் பார்த்தார். தன் முதுகை அவர் எங்கே கண்டார்? விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவினார்.

"இவ்வளவா? எனக்கே இப்பத்தாங்க தெரியுது."

அதற்குப் பிறகு கங்காணிகள், கணக்கெழுதும் கிராணிகள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் வேறு படக்காரன் போனான். என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் உள்ளே நுழைந்ததுமே சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்கள்.