மைத்துனனின் குட்டைத் துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், என் மைத்துனன் மணியம்.

மணியம் என் மனைவியின் தம்பி. தெங்கேரா வழித்தட பஸ் ஓட்டுகிறான். காஜா பெராங் ஊர்க்காவல் படையில் நாங்கள் இருவரும் ஒரே அணி. போன மாதம் வரை இருவருக்கும் ஒரே மாதிரி நீளத் துப்பாக்கிதான். பிறகு எங்கிருந்தோ ஒரே ஒரு குட்டைத் துப்பாக்கி வந்தது. காட்டுச் சண்டைக்கென்றே குழலைக் குறைத்துச் செய்தது. எடை குறைவு, பார்க்கவும் அழகு. யாருக்குப் போனது? அவனுக்குத்தான்!

"தம்பி கையில அது எவ்வளவு எடுப்பா இருக்கு, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே...

அதில் ஒரு குறையாவது இருக்காதா? பயிற்சி சார்ஜனிடம் நைசாக விசாரித்தேன். இருந்தது! தோட்டா இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் குழல் குட்டையானால், எரிகிற மருந்து குண்டை முழு வேகத்துக்குத் தள்ள இடம் போதாது. மிச்சமெல்லாம் குழல்வாயில் நெருப்பாகப் போய்விடுகிறது. நூறு கெஜத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தூரம் கூடக் கூட, மெதுவாகப் போகும் குண்டு அதிகம் தாழும். அதற்கேற்ப, குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் பின்குறியை உயர்த்த வேண்டும்.

அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறன்று போட்டி. பண்டார் ஹிலிர் திடலில் நடக்கப்போகும் மெர்டேக்கா சுதந்திர நாள் அணிவகுப்புக்கு, எங்கள் அணியில் ஒருவருக்குத்தான் சான்ஸ். யார் நன்றாகச் சுடுகிறாரோ அவருக்கு. நூறு கெஜத்தில் மணியம் என்னை முந்தினான். அடுத்து முந்நூறு கெஜம். முதலில் ஒத்திகை. என் குண்டுகள் இலக்குப் பலகையில் பட்டன. அவனுடையவை பலகைக்குக் கீழே மண்ணைக் கிளப்பின!

எழுந்து என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், என் கண்ணு போச்சுனு நெனைக்கிறேன்."

"என்னடா உளர்ற?"

"நல்லாத்தான் குறி வெக்கிறேன், ஒண்ணுமே படல. கண்ணு போச்சுனா லைசென்ச புடுங்கிருவாங்க லா. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்? நீங்களே அணிவகுப்புக்குப் போங்க, நான் வெலகிக்கிறேன்."

அலாமாக்! நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். திடல் எனக்குத்தான். ஆனால் அவன் கையை முகத்துக்கு நேரே நீட்டி, தன் விரல்களையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ பழைய துப்பாக்கி நெனப்புலயே சுடுற. குட்டைக் குழல்ல குண்டு மெதுவாப் போவும், தூரத்துல எறங்கிரும். பின்குறிய ஏத்து."

"மெய்யாவா மச்சான்?"

"ஏத்திச் சுடு, போ!"

ஏற்றினான். சுட்டான். பலகையின் நடுவில், அடுத்தடுத்து... நானும் மோசமாகச் சுடவில்லை. ஆனால் சார்ஜன் கடைசியில் தட்டிக்கொடுத்தது அவன் முதுகைத்தான்.

மாலையில் என் வீட்டில் கேசரி. "எல்லாம் மச்சான் சொல்லிக்குடுத்தது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால், நிம்மதியாகத் திட்டியாவது தீர்த்திருப்பேன்!

பொறாமை உள்ளே இருக்கும்போதே மனிதனால் நல்லது செய்ய முடிகிறது. சரி, செய்த பிறகாவது அது போய்த் தொலைகிறதா?

இதை எழுதும்போது என் மனைவி தம்பியின் அணிவகுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள் - நாளை நான் ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டை, கசங்கியபடி அந்த மேசைக்கடியில்தான் கிடக்கிறது!