நாற்காலியின் வலது கை

விரல்கள் இழுப்பறையின் அடிப்பலகையில் ஊர்கின்றன. கண்கள் மட்டும் பட்டறை வாசலில் சாய்ந்து நிற்கும் சைக்கிளில் இருக்கின்றன. பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்பது அவள் கட்சி. இழைப்புளி ஓடிய மரம் விரலுக்கு மெல்லிய அலையாகத் தட்டுப்படும்; இயந்திரம் ஓடியது மொழுக்கென்று கிடக்கும். இரண்டு பலகைகள் பல்லோடு பல்லாகக் கோத்திருக்கும் மூலையில் பெருவிரல் நிற்கிறது. பல்லில் ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. கையால் அறுத்தது. ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு சொல்கிறாள்: "உங்க தாத்தா காலத்துது. அதுக்கு மேல போகாதுங்க."

கொண்டுவந்தவரின் முகம் சுண்டிப்போகிறது. எல்லோருக்கும் ராஜா உட்கார்ந்ததுதான் வேண்டும். வாய் வார்த்தையாக ஒரு நூறு வருஷம் கூட்டிச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று இவர் கேட்கவில்லை. போன வாரம் வந்தவர் கேட்டார். இந்தப் பேச்சு அவளுக்கு அலுத்துப் பல காலமாகிறது. மரத்துக்கு வயது ஏறுவதால் மரத்துக்கு ஒன்றும் இல்லை, சொல்லிச் சொல்லித் தன் தொண்டைதான் வற்றுகிறது என்பாள்.

தெருவில் அவளுக்கு அரக்கக்கா என்று பெயர். நகக்கண்களில் அரக்குச் சாயம் ஏறி, எந்த சோப்புக்கும் மசியாமல் நிற்கிறது. புருஷன் பாலிஷ் போடுகிறவர். அவர் இருந்தவரை தூசி துடைத்துக் கொடுத்தவள், அவர் போன பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். பழுதுபார்க்க வந்த நாற்காலிகளில் அவள் உட்காருவதில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. அவள் வீட்டிலோ எல்லாமே பிளாஸ்டிக் நாற்காலி. ஏன் என்று கேட்டால், "வீட்டுக்குப் போயுமா?" என்பாள்.

சாமான்களைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு அவள் சொல்வது கொஞ்சம்தான். வெயில் படாமல் வை, ஈரத்துணியைக் காட்டாதே, வருஷத்துக்கு ஒருமுறை தேன்மெழுகை ஒரு விரல் அளவு எடுத்துத் தேய். பளபளப்பு வேண்டுமென்றால் கண்ணாடி வாங்கிக்கொள்.

ஒருநாள் சாய்வு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்த அம்மாளுக்குப் பளபளப்பு வேண்டியிருக்கவில்லை. பின்கால் மட்டும் ஆடியது. கணவருக்குப் பார்வை போய்விட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவருக்கு வீடு எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியும், வேறெதில் உட்கார வைத்தாலும் எழுந்து தடவிக்கொண்டு அலைகிறார் என்றாள். வலது கைப்பிடியின் நுனியில் ஒரு பள்ளம் இருந்தது. ரேடியோ கேட்டுக்கொண்டே அவர் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து உண்டானது. "இதை மட்டும் தொட்டுடாதீங்கம்மா" என்று அதன்மேல் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அரக்கக்கா நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ரம்பம் போன தடம் நேர்கோடாக இருந்தது. வட்ட ரம்பமாக இருந்தால் வில்லாக வளைந்திருக்கும். அந்த ஐயாவைவிட நாற்காலி மூத்தது. காலைக் கழற்றி, பழைய வஜ்ஜிரப் பசையைச் சுரண்டி, புதிதாகக் காய்ச்சி ஊற்றிக் கட்டிவைத்தாள். அன்று முழங்கால் படுத்திய பாட்டில் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். கொழுந்தனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கொழுந்தன் பிளைவுட் அலமாரி செய்து பழகியவன். அந்தக் கடை மூடியதால் அண்ணியிடம் வந்து சேர்ந்தான். நல்லவன், சும்மா இருக்கத் தெரியாதவன். பிளைவுட்டில் பள்ளம் என்றால் பழுது. மறுநாள் காலையில் அவள் வந்தபோது, வலது கைப்பிடி நுனிவரை மட்டமாக, வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் தேய்க்கும் மெஷின்.

"பள்ளமா இருந்துச்சு அண்ணி. சரிபண்ணிட்டேன்."

அவள் திட்டவில்லை. கைப்பிடியை ஒருமுறை தடவிவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனதை அவள் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. மறுபடி தோண்டிவிடலாம், உப்புத்தாளால் வழித்து, டீத்தண்ணீர் தடவினால் நிறமும் வந்துவிடும் என்று பரபரத்தான். "யாருக்கு அண்ணி தெரியப்போகுது? அவருக்குத்தான் கண்ணே தெரியாதே."

"அதனாலதாண்டா தெரியும்" என்றாள்.

ஆனாலும் வளைந்த உளியைக் கையில் எடுத்தாள். பொய்ப் பழசு எத்தனையோ பார்த்தவள் அவள். எங்கே தோண்டினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். அவர் விரல் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் அழுத்தியது, எங்கே நின்றது? இடது கைப்பிடியில் உள்ளங்கை பட்ட வழவழப்பு மட்டும்தான், பள்ளமே இல்லை. ஒத்துப் பார்க்க எதுவும் இல்லாமல் உளியைக் கீழே வைத்தாள். தேன்மெழுகு மட்டும் தடவி, வண்டி பிடிக்கச் சொன்னாள்.

நாற்காலி வண்டியிலிருந்து இறங்குமுன் வாசலிலேயே அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டாள். பட்டறையில் நடந்த தப்பு, திரும்பச் செதுக்கியிருக்கலாம், ஆனால் அது அவர் கையாக இருக்காது என்றாள். கொழுந்தன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா சொன்னேன்" என்றாள் அந்த அம்மாள்.

உள்ளே, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. இடது கை போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது. வலது கை நுனிவரை போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

"இது யாரோடது?"

அரக்கக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றியபடி, அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். உங்களோடதுதான் ஐயா, அந்த இடம் மட்டும் இப்போது வெறும் மரம் என்றாள்.

பெரியவர் அந்த வெறும் மரத்தை இன்னொருமுறை தடவினார். "வாங்குனப்ப இதுல வேற எவனோட கையோ இருந்துச்சு. அதைத் தேச்சு என்னுதாக்குறதுக்குள்ள தலை நரைச்சுப்போச்சு" என்றார். வலது கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் குனிந்தாள். மடியில் கிடந்த கையைத் தூக்கி, கைப்பிடியின் நுனியில் வைத்து, நகராதபடி தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அதுவரை கைப்பிடியைப் பிடித்திருந்த அரக்கக்கா, தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.