மூடியிருந்த கேட்

இன்று சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனிலிருந்து கல்குவாரிக்குக் கிளைப்பாதை பிரிந்தது தெரிந்திருக்காது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், அங்கே மேம்பாலம் நிற்கிறது. என் சிறுவயதிலேயே அதில் ஆள் ஏறும் வண்டி நின்றுபோய், கல் வேகன்கள் மட்டும்தான் ஓடின. அந்தப் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் அப்பா கேட் கீப்பர். பக்கத்திலேயே எங்கள் குவாட்டர்ஸ்.

ஒருநாள் காலை பள்ளிக்குப் போகச் சாலையோரம் நின்றிருந்தேன். கல் வேகன் வரும் நேரம்; அப்பா கேட்டை இறக்கிவிட்டுக் கொடியோடு நின்றார். பின்வரிசை வீட்டு அண்ணன் மோட்டர் சைக்கிளில் வந்தவர், ஓரத்து இடுக்கில் வண்டியை நுழைத்தார். அப்பா கத்தினார். அம்மா ஓடிவந்து என் கண்ணைப் பொத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த அண்ணனின் மனைவி மாசமாக இருந்தார். அன்று காலை அவர்கள் போட்ட சண்டை வரிசை முழுக்கக் கேட்டிருந்தது. துக்க வீட்டில் பெண்கள், "இவ பேசுன பேச்சுக்கு வேணும்னே போய் விழுந்துட்டான்," என்றார்கள். மாமியார் கதவை அடைத்தார்.

"என் மவன முழுங்கிட்ட. உள்ள வராத!"

அந்த அக்கா வாசலில், வெயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். வரிசையே கூடி நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டு தொறந்துதான் இருந்துச்சு சார். நான்தான் மறந்துட்டேன்," என்றார்.

"இல்லப்பா, மூடுனீங்க! நான் பார்த்தேன்!" என்று கத்தினேன். அம்மா என்னை உள்ளே இழுத்துப் போய்விட்டார்.

அன்று அம்மா அழுதார். "நம்ம புள்ளைங்க கதி என்னா ஆவறது?"

"வயித்துல புள்ளையோட தெருவுல கெடக்குதுலா அந்தப் பொண்ணு," என்றார் அப்பா.

வேலை போயிற்று; குவாட்டர்ஸும் போயிற்று. கம்போங் மேடானில் மலிவு விலை வீட்டுக்குப் போக லோரியில் சாமான் ஏற்றும்போது அந்த அக்கா வந்தார். குனிந்து மண்ணை அள்ளி அப்பா மேல் வீசினார்.

"கேட்டத் தொறந்து போட்டு எம் புருசனக் கொன்னுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

அம்மா வாய் திறக்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்காவின் தோளை மாமியார் அணைத்தபடி, "வாம்மா, வீட்டுக்குப் போவோம்," என்று கூட்டிப் போனார். அவர்கள் கதவுக்குள் போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சட்டையில் மண்ணோடு லோரியில் ஏறிய அப்பாவின் முகத்தில் எப்படி அவ்வளவு நிம்மதி இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.