அக்கா திருப்பி அனுப்பிய லாரி

எங்கள் அக்கா அவலூர்பேட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். நைனா சீக்கிரமே போய்விட, என்னைப் படிக்க வைத்தவரும் அவரே, தப்பு செய்தால் முதுகில் இரண்டு போட்டவரும் அவரே. மணமாகிச் செஞ்சிக்கு வந்தபின், மாமாவின் துணையோடு ஒரு கொட்டகை போட்டு, கம்பும் கேழ்வரகும் பயறும் வறுத்துச் சத்துமாவு செய்தார். இதை எவன் வாங்குவான் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு வெளிநாட்டு வியாபாரி ஒருவர் முதல் ஆர்டர் தந்தார். பரிசோதனைச் சான்று, உறைமேல் அச்சிடும் விவரம் என்று அந்த நாட்டு விதிகளுக்காக மாதக்கணக்கில் அலைந்தோம். காகித வேலை என்னுடையது. ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலில் வேர்க்கடலைக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதினேன்.

மறுநாள் லாரி வர வேண்டும். எந்தக் காகிதத்தையும் வேலை செய்யும் பெண்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே அக்கா கையெழுத்திடுவார். அன்றும் படித்தார். அவர்களில் வறுக்கும் வேலை பார்த்த மல்லிகா தயங்கிக் கேட்டார்:

"சட்டி காஞ்சிச்சான்னு பாக்க மொதல்ல ஒரு பிடி மல்லாட்டை போடறமே, அது இதுல வராதாக்கா?"

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. கடலையின் தோல் வெடித்தால் சூடு சரி என்று கற்றுக்கொடுத்ததே அக்காதான். அந்தக் கடலையும் தானியத்தோடு அரைபட்டுவிடும்.

இதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவைத் தனியே அழைத்து, "ஒரு பிடிதானேக்கா, யாருக்குத் தெரியப் போவுது? அனுப்பிடலாம்" என்றேன்.

"அங்க ஒரு புள்ள இத சாப்ட்டு மூச்சு முட்டிக் கெடந்தா, அப்பவும் ஒரு பிடிதான்னு சொல்லுவியாடா?" என்றார் அக்கா.

வியாபாரிக்கு உள்ளதை உள்ளபடி எழுத வைத்தார். வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார். பொட்டலம் கட்டியிருந்த மாவு, வேர்க்கடலை கலந்தது என்ற சீட்டோடு உள்ளூரில் விற்றது. சட்டிகளை மாற்றினார், கடலை மிட்டாய்கூடக் கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது என்றார். ஆர்டர் போயிற்று என்றே இருந்தோம். ஒரு மாதம் கழித்து, புதிதாகச் செய்து பரிசோதித்து அனுப்புங்கள், காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அன்று தொடங்கிய ஏற்றுமதி இன்றுவரை நிற்கவில்லை.

நான் சொன்னதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. உறவினர்களிடம், "பேப்பரெல்லாம் தம்பி பாத்துக்கினான்" என்றே பெருமை பேசுவார். எனக்குத்தான் சோறு இறங்காது. போன ஆண்டு நோயில் படுத்த சில வாரங்களும் சிரித்த முகமாகவே இருந்து, மாமாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

உடனிருந்து பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும், மருத்துவர்களுக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் வந்து நிற்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மல்லிகாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அக்காவைப் பற்றி இவ்வளவு நிம்மதியாக எழுத எனக்கு வாய்த்திருக்காது.

— தம்பி