ஆளுக்கொரு ஸ்பீக்கர்

அப்பா போன பிறகு எனக்கும் அண்ணனுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தது தாய்மாமன். நீடாமங்கலம் பக்கம் இருந்த நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்தார். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார். அண்டா இரண்டு, ஆளுக்கு ஒன்று. கட்டில் இரண்டு, ஆளுக்கு ஒன்று. அதே வேகத்தில் அலமாரிக்குக் கை நீட்டினார். நிலத்துச் சிட்டா, அடங்கல் கட்டுகளுக்கு இரு பக்கமும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்தவை.

“ரெண்டு பொட்டி. ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்கப்பா.”

“மாமா, அது ஜோடி. பிரிச்சா பிரயோஜனமில்ல,” என்றேன்.

“அண்ணன் தம்பியவே பிரிச்சாச்சு, பொட்டியப் பிரிக்கக் கூடாதா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “அண்ணனுக்கு அது எதுக்கு? நாயனத்துக்கும் நாய் ஊளைக்கும் வித்தியாசம் தெரியாது,” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போன அண்ணன், மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை.

கேசட் செருகும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான் என்பதால், சீட்டுக் குலுக்கியதில் அது எனக்கு வந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்து அப்பாவின் நாயனக் கேசட்டைப் போட்டேன். அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவு. நாயனத்தை ஒரு பக்கமும் தவிலை மறுபக்கமும் முழுசாக ஒதுக்கியிருந்தார்கள். என் பங்குக்குத் தவில். ஒயரை மாற்றிச் செருகினால் நாயனம் வந்தது, தவில் போனது. அண்ணன் தன் பெட்டி மேல் மிக்சி வைத்திருப்பதாகக் கேள்வி. வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், பாதிப் பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அண்ணன் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. வலியப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை.

இந்த வருஷம் அப்பாவின் தெவசத்துக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இலை போட்டோம். சாப்பாடு முடிந்ததும் அண்ணி கொல்லைச் சுவரோரம் வந்து கூப்பிட்டார்.

“இன்னிக்காவது உங்கப்பா கேட்ட மாதிரி ரெண்டும் சேந்து பாடட்டும் தம்பி. ஆனா எங்க பொட்டி எல்லை தாண்டாதாம். ஒயரு வேணும்னா வரலாமாம்.”

மோட்டார் கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த ஒயரைச் சுவர் மேல் போட்டுக் கொடுத்தேன். கேசட் ஓடியது. என் கூடத்தில் தவில், அண்ணன் கூடத்தில் நாயனம். இரண்டும் சேர்ந்து கேட்ட ஒரே இடம் அந்தக் கொல்லைச் சுவர்தான். நான் என் பக்கம் வாழையடியில் போய் நின்றேன். அவர் தன் பக்கம் மாட்டுக் கொட்டகையோரம் வந்து நின்றார். நடுவில் மார்பளவுச் சுவர். எல்லைக்காவல் சிப்பாய்கள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீர்த்தனை பாதி போயிருக்கும்.

“தவிலு தூக்குது, நாயனம் அமுங்குது,” என்றார் அண்ணன், தென்னை மரத்தைப் பார்த்தபடி. “ஒன் பக்கத்தக் கொஞ்சம் கொறைடா.”

அவர் சொன்னது சரி. அழுகை முட்டிக்கொண்டு வர, குறைக்க ஓடினேன்.