மிச்ச நிமிடம்

சுதந்திர தின ஏற்பாட்டுக் கூட்டம் என்றால் எங்கள் ஊர் உக்குவளையில் இஞ்சி போட்ட பிளேன்டீ உண்டு. அதற்காகவே போகிறேன் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதி. இம்முறை நிகழ்ச்சி நிரலை வாசித்த செயலாளர், என்னிடம் கணிதம் படித்தவர், ‘இரண்டு நிமிட மௌனம்’ என்ற வரியில் தயங்கினார்.

“சேர், டைம் பாக்குறது எப்பவும் டீச்சர்தானுங்களே… இந்த வருஷம் நீங்க பாக்குறீங்களா?”

டீச்சர் என் மனைவி. இறந்து எட்டு மாதங்களாகின்றன. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

இஞ்சி வாசனை வந்தால் பாற்சோற்று வாசனையும் பின்னால் வந்துவிடுகிறது. அக்காலத்தில் கொடியேற்றி, மௌனம் காத்து, உரைகளெல்லாம் முடிந்த பிறகே பிள்ளைகளுக்குப் பாற்சோறு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் விடியுமுன் வெறும் வயிற்றோடு நடந்து வருவார்கள். அவள் முதன்முதலாகக் கைக்கடிகாரத்துடன் கொடிக்கம்பத்தருகே நின்ற ஆண்டில், மௌனத்தின் நடுவே ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். அடுத்த ஆண்டு முதல், மௌனத்துக்காக உயர்த்திய கையை அவள் சீக்கிரமே இறக்கத் தொடங்கினாள். ஒருவரும் கவனிக்கவில்லை, நாங்கள் நானா என்றழைக்கும் புடவைக்கடை முஸ்லிம் பெரியவரைத் தவிர. அவரிடமும் கடிகாரம் இருந்தது.

“என்ன டீச்சர், ரெண்டு நிமிஷம் ஒன்டாச் சுருங்கிட்டு! என்ட கடைத் துணி கூட இப்பிடிச் சுருங்குறல்ல.”

“செத்தவங்களுக்கு அவசரமில்லீங்க நானா. புள்ளைங்களுக்குத்தான் பசிக்குது.”

நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கணித ஆசிரியனுக்கு நிமிடம் என்பது அறுபது விநாடி. உயிர்நீத்தோருக்குரிய மரியாதையில் கைவைப்பதா என்று வீடு வரும்வரை பிரசங்கம் செய்தேன். அவள் குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்:

“சரிங்க, மிச்சத்த நீங்க வீட்டுல நின்னு முடிச்சிருங்க.”

ஆண்டுதோறும் நான் கண்டித்தேன். ஆண்டுதோறும் அவள் இதையே சொன்னாள். ஒருமுறைகூட நான் நின்றதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள், அலுமாரியிலிருந்த அவளுடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஓடியது. செயலாளரை அழைத்து, நானே பார்க்கிறேன் என்றேன். முழு இரண்டு நிமிடங்களும் காப்பதென்றே எண்ணியிருந்தேன்.

நேற்று ஒத்திகை. வெயில் ஏறிவிட்டது. கையை உயர்த்தினேன். முன்வரிசையில் ஒரு சிறுமி காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். இப்போதெல்லாம் பிள்ளைகள் வாகனத்தில் வருகிறார்கள், சாப்பிட்டுவிட்டும் வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆயினும் விநாடி முள் ஒரு சுற்று முடித்தபோது என் கை தானாக இறங்கிவிட்டது.

நானா காலமாகி நெடுநாளாயிற்று. அவருடைய கடையிருந்த இடத்தில் இன்று தொலைபேசி விற்கிறார்கள். கூட்டத்தில் வேறெவரும் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. வீடுவரை கண்டிக்கவும் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமாரியின் முன்னால் மிச்ச நிமிடத்தை நின்று முடித்தேன்.