ஓரம் பிரிக்காத தாள்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் யாழ்ப்பாணத்தில் தற்காலிக விரிவுரையாளன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு குழு என் ஆராய்ச்சியை எடைபோட வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு கட்டுரை, கொழும்புத்துறைக் கடலில் இறால் குஞ்சு பெருகும் காலம் பற்றியது.

அந்நாளில் கட்டுரை அச்சானால் அதை மட்டும் தனிப்பிரதிகளாக ஒரு கட்டுத் தருவார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் தபாலட்டை போட்டுப் பிரதி கேட்பார்கள். எனக்கும் அட்டைகள் வந்தன. தலைகால் புரியாமல் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். கடைசிப் பிரதி நோர்வேக்குப் போனது. எனக்கொன்று வைத்துக்கொள்ளும் புத்தி வரவில்லை.

உலகம் என்னை வாசிக்கிறது என்பதற்குச் சாட்சியாக அட்டைகளைக் கோப்பில் வைத்துக் கொடுத்தேன். துறைத்தலைவர் புரட்டிப் பார்த்தார்.

“ஐசே, கார்ட்டெல்லாம் கிடக்கு. கட்டுரை எங்கை?”

“எல்லாம் அனுப்பிப்போட்டன் சேர்.”

“கார்ட்டை வாசிச்சே புள்ளி போடுறது? குழு கூட முந்தி ஒண்டு தேடி எடும்.”

அச்சகத்தில் இல்லை. கட்டுரை வந்த இதழ் நூலகத்துக்கு வரவேயில்லை. வெட்கத்தை விட்டு, பிரதியைத் திருப்பி அனுப்பும்படி நோர்வேக்காரருக்கே எழுதினேன்.

அதன் பிறகு கோப்பாய் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் சத்தம் கேட்டால் வாசல் படலைக்கு ஓடுவேன். அது மீன்காரராக இருக்கும்.

“இஞ்சருங்கோ, நீங்கள் ஓடினாப்போலை தபால் கெதியா வருமே?” என்பாள் மனைவி.

குழு கூடுவதற்கு முதல் நாள் பிரதி வந்தது. மனைவி கும்பிட்டாள். நான் உறையைக் கிழித்தேன். எங்கள் அச்சகம் தாள்களை ஓரம் வெட்டாமல் மடித்துக் கொடுக்கும்; வாசிப்பவர்தான் கீறிப் பிரிக்க வேண்டும். நோர்வேக்காரர் ஒரு தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

“பிளேடாலை கீறி விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள் மனைவி.

வாசிக்காததை வாசித்ததாகக் காட்ட மனம் வரவில்லை. அப்படியே கொடுத்தேன். குழுவினர் தாளைப் பிரிக்கும்போது, கேட்டு வாங்கியவரே வாசிக்கவில்லை என்ற என் வண்டவாளம் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

கூட்டம் முடிந்து துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே கோப்பை நீட்டினார். “நிரந்தரமாக்கிப்போட்டினம் ஐசே. அருமையான கட்டுரையெண்டு எல்லாரும் சொன்னவை.”

விறாந்தைக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஒரு தாளும் பிரிந்திருக்கவில்லை. யாராவது வாசித்து, இதெல்லாம் பிழை என்று எழுதியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.